சாம்பிராணி குடித்த ஏ.சி.

எங்கள் வீட்டில் ஏ.சி. மாட்டிய கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நானே இப்போது சிரிக்கிறேன். அப்போதுதான் சிரிப்பு வரவில்லை.

திருவரங்குளத்தில் சிவன் கோயிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தேங்காய் பழக் கடை. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, சூடம், ஊதுபத்தி, சாம்பிராணி, அவ்வளவுதான் சரக்கு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குமேல் தெரிந்ததெல்லாம் கடையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதும் சாமி காட்டிக்கொடுத்ததும்தான்.

எங்களுக்கு ஒரே மகள். திருச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு வந்தவளுக்கு மாசி மாதம் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளை எங்கள் வீட்டு வழக்கப்படி ஐந்தாம் மாதம்தான் புகுந்த வீட்டுக்கு அனுப்புவோம். ஆனி மாதம்வரை தாயும் பிள்ளையும் எங்களோடு இருக்கவேண்டும். முன்கூட்டியே கிளம்பினால், "பெத்த வீட்ல வச்சுப் பாக்க முடியலையாம்" என்று ஊர் பேசும். ஊரை விடுங்கள், அது மழை பெய்தாலும் பேசும். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் சேர்ந்தாற்போல் பத்து நாள் எங்களோடு இருந்ததில்லை. இந்த ஐந்து மாதம் சாமி கொடுத்தது என்று நான் நினைத்திருந்தேன். அதில் ஒரு நாள் குறைந்தாலும் எனக்குத் தாங்காது.

திருச்சியில் அவர்கள் வீட்டில் ஏ.சி. உண்டு. எங்கள் வீட்டில் மின்விசிறி மட்டும். "கொழந்தைக்குப் புழுக்கமா இருக்குமே மாமா" என்று மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "எங்க ஊர்க் காத்து வேற மாப்ள" என்று ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். மனுஷர் ஒன்றும் சொல்லவில்லை. மேலே ஓடுகிற விசிறியை மட்டும் ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் நான் தவணையில் ஏ.சி. வாங்கினேன்.

மாட்டிய அன்று, சுவரில் இருக்கிற பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தேன். மொட்டை மாடியில் வைத்த வெளிப் பெட்டிக்கும் பொட்டு வைத்தேன். அப்போதே அதன்மேல் எனக்கு ஓர் இரக்கம் வந்துவிட்டது. உள்ளே இருக்கிறது நிழலில் சுகமாகக் காற்று விடுகிறது. இது பாவம், தளச்சூட்டில் தனியாக நின்று உழைக்கிறது. கோயிலில் சாமி வாகனங்களை உபயோகம் இல்லாத நாளில் துணி போட்டு மூடித்தானே வைப்போம்? கடையில் கிடந்த பழைய தார்ப்பாயை எடுத்துப் போய், வெயிலும் தூசும் படாதபடி போர்த்திக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு இறங்கினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டக் கூடாதல்லவா?

இனி எங்கள் வீட்டு நடைமுறையைச் சொல்ல வேண்டும். விடிந்தும் விடியாமல் என் மனைவி குளியலறை ஹீட்டரைப் போட்டுவிடுவாள். பிள்ளை பெற்ற உடம்புக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவள் கட்சி. குளிப்பது பத்து மணிக்கு. ஆனால், "எப்ப வேணும்னு யாரு கண்டா?" என்று ஐந்து மணிக்கே போட்டுவிடுவாள். முதலில் மகளுக்கு ஊற்றுவாள். அந்தத் தண்ணீரில் வெந்து, தக்காளிப் பழம் போலச் சிவந்து வருகிற மகள், நேரே அறைக்குள் போய் ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்வாள்.

அடுத்துக் குழந்தைக்குக் குளியல். குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டித் தலை உலர்த்தவேண்டும். கூடத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைக்கு வியர்க்கிறதென்று, தூபக்காலை ஏ.சி. அறைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு புகை போடுவார்கள். சாம்பிராணி சொந்தக் கடையுடையது. காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஒரு சிட்டிகை போட்டிருப்பாள். கடைக்காரன் பெண்டாட்டி, கை நிறைய அள்ளிப் போட்டாள். புகை கண்ணைக் கரித்ததும் ஜன்னலைத் திறப்பார்கள். திறந்த ஜன்னலை மூட மறந்துவிடுவார்கள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் மறுபடி ஒரு சுற்று. ஏ.சி. மட்டும் நிற்காமல் ஓடும்.

வைகாசி பிறந்த சில நாளில் கரண்ட் கணக்கெடுக்க ஆள் வந்தார். முதல் நூறு யூனிட் இலவசம் என்பதால் எங்களுக்குப் பல தடவை கட்டவேண்டிய தொகையே வராது. அவர் மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னங்க, வீட்லயே அரவை மில் வச்சுட்டீங்களா?"

யூனிட் ஐந்நூறைத் தாண்டிவிட்டதாம். தாண்டினால் தொகை படிப்படியாக ஏறாது, எகிறிக் குதிக்கும். அவர் சொன்ன தொகைக்குப் பிரதோஷக் கூட்டம் நாலு தடவை வந்தாலும் என் கடையில் லாபம் நிற்காது.

அன்று சாயந்திரம் சாமி முன்னால் நின்று, "எப்பா, கொறைச்சுக் குடு" என்று கேட்டேன். பிள்ளை வரம், மழை, உடல்நலம் என்று ஆயிரம் பேர் கேட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் நான் மின்கட்டணச் சலுகை கேட்டு நின்றேன்.

மகளிடம் சொல்ல முடியுமா? பிரசவச் செலவு பெற்றவன் செலவு. "ஒன்னால இவ்வளவு ஆச்சு" என்று எந்தத் தகப்பன் சொல்வான்? மனைவியிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் மகளுக்குப் போய்விடும். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது ஏ.சி. சுவிட்சை அணைத்துவிட்டு, "வோல்டேஜ் கம்மியா இருக்கு. இப்ப ஓட்டுனா மெஷினு புகைஞ்சுபோகும்" என்றேன். நெற்றி நிறைய விபூதியோடு நான் சொன்ன பொய் அது. சிவனே மன்னிக்கட்டும்.

"தெனமுமா வோல்டேஜ் கம்மியாகும்?" என்று மனைவி கேட்டாள்.

"அக்கினி நட்சத்திரம்ல? கரண்டுக்கும் களைப்பு வராதா?"

எதையும் எதிர்த்துக் கேட்கிற மகள், இதை எதிர்க்காமல் விசிறியை வேகமாக்கிவிட்டு, குழந்தையை மடியில் போட்டு முந்தானையால் விசிறினாள். நாலாம் நாள் குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகும் தொகையை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மகள் சொன்னாள்:

"ப்பா, வெள்ளிக்கிழமை அவுகள வரச் சொல்லிட்டேன். நான் திருச்சி போறேன்."

"என்ன ஆத்தா, ஆனி வரைக்கும்னு பேச்சு?"

"அத்தைக்கும் பாக்கணும் போல இருக்காம். எனக்கும் அங்கிட்டு ஞாபகமாவே இருக்கு."

அங்கே ஏ.சி. இருக்கிறது, இங்கே வேர்க்குரு இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாதது எனக்குக் காதில் விழுந்தது. சாப்பிட்ட கையோடு எழுந்து கடைக்குப் போய்விட்டேன். அன்று ஒரு அம்மாவுக்கு அர்ச்சனைத் தட்டில் தேங்காயை வைக்க மறந்து, வெறும் பழத்தோடு அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மா திரும்பி வந்து, "சாமிக்கு ஏதும் விரதமாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் மனைவி சும்மா இருக்கிறவள் இல்லை. வோல்டேஜ்தானே காரணம், அதைச் சரி பண்ணினால் மகள் இருப்பாள் என்று கணக்குப் போட்டு, எனக்குத் தெரியாமல் புதுக்கோட்டையிலிருந்து ஒரு ஏ.சி. மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டாள். புதன்கிழமை காலை, பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன், ஆள் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். நாற்பது வயதிருக்கும். முன்பு ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவராம்.

"வோல்டேஜ் கம்மி தம்பி. மத்தியானமானா ஏ.சி. போடவே விடமாட்டேங்குறாரு. அதுக்கு என்னமோ பெட்டி மாட்டணும்ல, அத மாட்டி விடுங்க" என்றாள் மனைவி.

அவர் ஒரு சின்னக் கருவியை எடுத்து, அதன் கம்பி முனைகளைப் பிளக்கில் சொருகிப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி சொருகினார்.

"யாருக்கா சொன்னது கம்மின்னு? இருநூத்தி முப்பது ஜம்முன்னு நிக்குது. உங்க வீட்டு வோல்டேஜுக்குச் சுத்திப் போடணும்."

மனைவி என்னைப் பார்த்தாள். அறைக்குள் கட்டிலில் இருந்த மகளும் பார்த்தாள். நான் நாள்காட்டியில் இருந்த முருகனைப் பார்த்தேன். அவர் எனக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

"காலைல கூடவாத்தான் இருக்கும், மத்தியானம்தான்..." என்று இழுத்தேன்.

"வந்தது வந்தாச்சு, ஏ.சி.யத் தொறந்து பாத்துருவோம்" என்று மெக்கானிக் என்னைக் காப்பாற்றினார். காப்பாற்றினார் என்று நினைத்தேன்.

அறைக்குள் போய் முன்மூடியைத் தூக்கியதும் அவர் மூக்கை உறிஞ்சினார். கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தாற்போல் வாசனை. உள்ளே இருந்து ஒரு வலையை உருவினார். வலை என்று அவர் சொல்லித்தான் தெரியும். கறுப்பும் சாம்பலுமாக ஒரு கம்பளித் துண்டு போல இருந்தது.

"அக்கா, இது ஏ.சி.யா, தூபக்காலா?"

"அது வந்து தம்பி, புள்ளைக்குச் சாம்பிராணி..."

"புள்ளைக்குப் போட்டீங்க சரி. இதுக்கு எதுக்குப் போட்டீங்க? இதுக்கென்ன தலையில நீர் கோத்துருச்சா?"

கட்டிலில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவர் வலையைக் காட்டி விளக்கினார்.

"அறையில இருக்குற காத்த இது வழியாத்தான் உள்ள இழுக்கும். குளிர வச்சுத் திருப்பி விடும். மூக்க அடைச்சுட்டா எப்படி இழுக்கும்? அறை குளிராது. குளிராத வரைக்கும் வெளிய இருக்குற மெஷினு நிக்காது. வேணுங்கிற அளவு குளிர்ந்ததும் அது கொஞ்சம் நிக்கணும், அப்பறம் ஓடணும். நின்னு நின்னு ஓடுனாத்தான் கரண்டு மிச்சம். உங்க வீட்ல அது என்னைக்காச்சும் நின்னு பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. ஓய்வே எடுக்காமல் உழைக்கிறதே, கொடுத்த பணத்துக்கு மோசமில்லை என்று அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

"ஜன்னலும் தொறந்திருக்கு" என்றார் அவர். "நாங்க ஐஸ் கம்பெனில ஒரு நிமிசம் கதவத் தொறந்து போட்டாலே மொதலாளி அடிக்க வருவாரு. நீங்க திருவரங்குளத்துக்கே ஏ.சி. போட்டிருக்கீங்க."

என் முதுகு நிமிர்ந்தது. குற்றம் முழுக்கப் பெண்கள் பக்கம் போய்விட்டது அல்லவா? "நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே" என்றேன். நான் எப்பவும் சொன்னதில்லை.

"என்ன சொன்னீங்க? என்னைக்குச் சொன்னீங்க? சாம்பிராணியக் கடையில இருந்து கிலோக் கணக்குல கொண்டாந்ததே நீங்கதான்" என்று மனைவி பாய்ந்தாள்.

"சண்டை அப்பறம் போடுங்க. வெளி மெஷினு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டபடி மெக்கானிக் மாடிப்படி ஏறினார். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து சத்தம் வந்தது.

"ஐயா! கொஞ்சம் இங்கிட்டு வாங்க!"

போனேன். தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது யாரு போத்துனது?"

"நான்தான் தம்பி. வெயில்ல காயுதேன்னு..."

அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"ஐயா, அறையில இருக்குற சூட்டையெல்லாம் இதுதான் வெளிய தள்ளணும். தள்ளுற சூடு போக எடமில்லாம, அதையே திரும்ப மூச்சா இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இந்த வெயில்ல உங்களுக்குக் கம்பளி போத்தி, கோயில நாலு சுத்து ஓடிட்டு வாங்கன்னா என்ன ஆவீங்க? இது இன்னும் உசுரோட இருக்குறதே நீங்க கும்புடுற சாமி புண்ணியம்."

"நெழலு வேணாமா அதுக்கு?"

"நெழலு வேணும். மேல எட்டத்துல கீத்துப் போட்டு நெழலு குடுங்க. மூச்சுவிட எடம் விடுங்க. நெழலு வேற, போர்வை வேற."

கீழே இருந்து மனைவி, "அங்கிட்டு என்ன தம்பி?" என்று கூவினாள்.

"ஒன்னுமில்லக்கா! மெஷினுக்குச் சளி பிடிச்சுராம ஐயா பாத்துக்கிட்டிருக்காரு!"

கீழே இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்து அழுதது. நான் மாடியிலேயே ஒரு வேலையும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன். தளம் செருப்பையும் தாண்டிக் காலைச் சுட்டது. அதையும் மெக்கானிக் விடவில்லை. "காலைல ஒம்பது மணிக்கே இப்படிச் சுடுது. இந்தச் சூடு முழுக்க அறைக்குள்ளதான் எறங்கும். தளத்துக்கு வெள்ளை அடிங்க, பாதி வெயில் திரும்பிப் போயிரும்."

இறங்கும்போது குளியலறையில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தார். குளியலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"யாரு குளிக்குறா?"

இந்த முறை நாள்காட்டி முருகனைப் பார்த்தது என் மனைவி.

"சுட வைக்க ஒன்னு, அந்தச் சூட்ட ஆத்த ஒன்னு" என்றார் மெக்கானிக். "ரெண்டும் ஒரே மீட்டர்லதான்க்கா ஓடுது."

வலையைக் குழாயடியில் கழுவினார். ஓடிய தண்ணீர் அடுப்புச் சட்டி கழுவியது போல இருந்தது. உள்ளே இன்னும் என்னென்னவோ துடைத்து, மூடி, ஜன்னலைச் சாத்தி, இருபத்தாறில் வைத்து ஓடவிட்டார். அரை மணி நேரம் கழித்து மாடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

"ஐயையோ, போயிருச்சு!" என்று எழுந்தேன்.

"உக்காருங்கய்யா. இதான் நிக்குறது" என்றார் அவர்.

அவர் போன பிறகு மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். வேண்டுமென்றுதான் போயிருப்பாள். மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"வோல்டேஜ் கம்மின்னீங்களே, அன்னைக்கே எனக்குத் தெரியும்ப்பா."

"எப்படி?"

கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். கரண்ட் கணக்குக்கு வீட்டுப் பெயரில் பதிந்திருந்த நம்பர் அவளுடையது. அவள் காலேஜ் படிக்கும்போது எனக்கு அதெல்லாம் தெரியாதென்று அவளே பதிந்தது. கணக்கெடுத்த அன்றே, நான் கோயிலில் நின்று கேட்பதற்கு முன்னாலேயே, தொகை அவள் கைக்கு வந்திருக்கிறது. நான் யாரிடம் மறைத்தேனோ அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

"அப்ப திருச்சி ஞாபகம்னு சொன்னது?"

"நீங்க வோல்டேஜ்னு சொன்னீங்கள்ல? அது மாதிரிதான்" என்றாள். "நான் இருக்குற வரைக்கும் நீங்க தொகையச் சொல்லவும் மாட்டீங்க, கட்டுறதுக்கு முழிக்காம இருக்கவும் மாட்டீங்க. அதான், கெளம்பிட்டா தேவலன்னு இருந்துச்சு."

பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன் 'இரு' என்று சொல்லக் கூடாது என்று நானாக ஒரு சட்டம் வைத்திருந்தேன். போறேன் என்றால் போயிட்டு வா என்பேன். வாரேன் என்றால் வா என்பேன். அவளாக இருந்தால் இருக்கட்டும். அந்தச் சட்டத்தை அன்று கழற்றி வைத்தேன்.

"இன்னும் ஒன்னரை மாசம் இருக்கு ஆத்தா. இருந்துட்டுப் போயேன்."

அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு சட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். சாம்பிராணி கூடத்தில், அதுவும் ஒரு சிட்டிகை. ஹீட்டர் குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால். வலையை இரண்டு வாரத்துக்கு ஒருதரம் கழுவுவது என் வேலை.

"இன்னொரு தடவ வோல்டேஜ்னீங்கன்னா, அன்னைக்கே பஸ் ஏறிருவேன்."

"சரி ஆத்தா."

"தார்ப்பாய்?"

"இப்பவே கடைக்குக் கொண்டுபோயிடுறேன்."

அதற்குப் பிறகு வந்த பில் குறைந்துதான் வந்தது. பழையபடி ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. ஏ.சி. ஓடினால் கரண்ட் போகத்தான் செய்யும். வீணாகப் போவதுதான் நின்றது. தொகை கைக்கு வந்ததும் மகள் இப்போது எங்கள் இருவருக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுகிறாள்.

அன்று மகள் பயணத்தை நிறுத்திவிட்டதை மாப்பிள்ளைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. "லீவு போட்டாச்சுல்ல, வரட்டும். பாத்து நாளாச்சு" என்று மகள் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கார் வந்து நின்றது. பின் சீட்டில் குழந்தைக்குப் பூப்போட்ட மெத்தை விரித்து, சுற்றிலும் தலையணை வைத்து, பயபக்தியோடு தயார்பண்ணிக்கொண்டு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ரெண்டு நாள் லீவு போட்டுட்டேனே மாமா."

"அத இங்கனயே கழிங்க மாப்ள" என்றாள் என் மனைவி.

சாப்பிட்டுவிட்டு ஏ.சி. அறையில் குழந்தைக்குப் பக்கத்தில் சாய்ந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தார். சனிக்கிழமை என்னோடு மாடிக்கு வந்து, தளத்துக்கு வெள்ளை அடிக்கக்கூட ஒரு கை பிடித்தார்.

கிளம்புகிறபோது மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "ஆனி கடைசில வாங்க" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, காலிப் பின் சீட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். வெறுங்கையோடு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. கடைக்கு வந்திருந்த பலாப்பழத்தில் பெரியதாக ஒன்றைத் தூக்கி வந்து, குழந்தைக்கு விரித்திருந்த பூப்போட்ட மெத்தையில் படுக்கவைத்தேன். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணையை அணைகொடுத்தேன்.

"பாத்து மெதுவாப் போங்க மாப்ள" என்றேன்.